ஹார்ட்கேஸிலின் அடிவயிறு

...மூச்சை இழுக்கக் கூடாது, விட வேண்டும், முழுக்க விட்டால் விலா உள்ளே போகும், வயிறு எங்கே போகும், இன்றைக்குப் பார்த்து டஃப் தின்றிருக்கிறான், திராட்சை போட்டு அவித்த மாவுருண்டை, அதுவும் இரண்டு பங்கு... கப்பலின் அடியில் இறங்குகிற நாளில் சாப்பிடுவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்று பதினான்கு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த சிலாஸ் டிரெகென்ஸா! கிழவனுக்குப் பசி செத்துப்போச்சு என்று கொதிகலன் ஆட்களில் எவனோ சொன்னான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது ஹார்ட்கேஸில் என்ற இந்தப் போர்க்கப்பலின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே, துரு சுரண்டிவிட்டுத் திரும்புகிற வழியில், இரும்புச் சட்டத்தில் வெட்டிய துளையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறான், தலையும் கையும் இந்தப் பக்கம், இடுப்பும் காலும் அந்தப் பக்கம். போகும்போது எப்படித்தான் நுழைந்தானோ. பக்கவாட்டில் ஒன்பது அங்குலக் கவசம், அதற்குப் பின்னால் தேக்கு, நீராவியை நம்பாத பெரியவர்களுக்காக மூன்று பாய்மரம் வேறு, கனம் தாங்காது என்று அடிச்சட்டங்களில் மட்டும் துளை போட்டார்கள்... வரைந்த புண்ணியவான் தன் பேனாவைத்தான் நுழைத்துப் பார்த்திருப்பான். எதிரியைக் குத்திக் கிழிக்க மூக்கில் ஒரு முட்டுக்கொம்பு, அது குத்தியது ஒரே ஒரு கப்பலை, மூடுபனியில், அதுவும் நம்முடையது. இப்போது பாய்மரமும் போய், மால்டா துறைமுகத்தில் கப்பல் மொட்டையாக நிற்கிறது.

மெழுகுவர்த்திச் சுடர் ஏன் சுருங்குகிறது, காற்று கெட்டுவிட்டதா... மேலே இறங்குவாயில் ஜோப் ஹாக்கடே சுத்தியலோடு உட்கார்ந்திருப்பான், கால் மணிக்கொரு தரம் தட்டுவான், உள்ளே இருப்பவன் இரண்டு தட்டினால் நலம், மூன்று தட்டினால் வந்து இழு. இன்று தட்டவில்லை. எப்படித் தட்டுவான், சும்மா தட்டாதடா, நீ என்ன மரங்கொத்தியா என்று அவன் வாயை அடைத்தது சிலாஸ்தானே. மூன்று தட்டியவனுக்கு இந்தக் கப்பலில் சாகும்வரை தக்கை என்றுதான் பெயர். பெயர் கிடக்கட்டும், அடியில் இறங்க முடியாதவன் கரைக்குப் போகலாம் என்று தலைமை ஆள் போன வாரம் சொன்னாரே, யாரைப் பார்த்துச் சொன்னார்? கரையில் யார் இருக்கிறார்கள், செத்துப்போன அண்ணனின் மனைவி, அவளுடைய பூனை... பயமாக இருக்கிறது, ஆமாம், பயம்தான். சுரண்டியால் தகட்டில் ஒன்று. இரண்டு. இதோடு நிறுத்தினால் நலம் என்று அர்த்தம், நிறுத்திவிடலாமா... சுடர் அணைந்தது. மூன்று.

சத்தம் அடங்குவதற்குள் தகடுகளுக்கு நடுவே பக்கத்து அறையிலேயே வெளிச்சம், ஜோபின் குரல், மேலிருந்து அல்ல, ஒரு கை தூரத்திலிருந்து.

"கையைக் குடுண்ணே. கொழுப்பு கொண்டாந்திருக்கேன், இடுப்புல தடவிக்க."

டப்பா நிறையக் கொழுப்பு, வழுவழுவென்று... இழுத்த இழுப்பில் தோல் உரிந்தது, வெளியே வந்தாயிற்று, அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் கொழுப்பு வேண்டுமென்றால் சாமான் அறையில் கேட்க வேண்டும், அந்த அறை காலையில் மட்டும்தான் திறக்கும், அப்படியென்றால் டஃப் தின்பதற்கு முன்பே, காலையிலேயே வாங்கியிருக்கிறான்... எதற்கென்று காரணம் சொல்லி, தலைமை ஆளின் கையெழுத்து இருந்தால்தான் தருவார்கள். ஜோப் என்ன காரணம் சொல்லியிருப்பான்?