கடிதத்தில் இல்லாத தடை

பங்குத்தந்தை தன் அறையில் மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தைப் பாதிதான் வெளியே எடுத்தார். மறுபாதி உள்ளேயே இருந்தது. "ஆயரே லத்தீனைத் தடை பண்ணிட்டாரும்மா. நான் என்ன செய்ய?"

அங்கே அவள் வீட்டுக் கூடத்தில் அப்பா சவப்பெட்டிக்குள் கிடந்தார். நான்கு மணிக்கு அடக்கப் பூசை. வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். முப்பத்தோரு வருடம் இந்தக் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். பங்கு மக்களில் யார் இறந்தாலும், பூசை முடிந்து பெட்டி வெளியே கிளம்பும்போது அந்த லத்தீன் வழியனுப்புப் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். தனக்கும் அதைப் பாட வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

"குடுங்க ஃபாதர், படிச்சுப் பாக்கறேன்" என்றாள் மகள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தாளில் இருப்பதைத்தான் படிப்பாள்; இருக்கும் என்று மற்றவர்கள் நினைப்பதை அல்ல. மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். முழுக்க லத்தீனில் நடக்கும் பழைய முறைப் பூசையை, பழைய பூசைப் புத்தகத்தை வைத்து நடத்துவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும் என்றது. பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தேகம் வேண்டாமென்று இன்னொரு முறையும் படித்தாள்.

"இது பழைய பூசையைத்தான் சொல்லுது. நாங்க கேக்கறது ஒரு பாட்டு. பூசை நம்ம பாஷையிலதானே நடக்கப் போவுது."

"லத்தீன்னா எல்லாம் ஒண்ணுதானம்மா."

"ஒண்ணு இல்ல ஃபாதர்."

கூட வந்திருந்த அண்ணன் அவள் முழங்கையை இடித்தான். "விடு. சாவு வீட்ல வம்பு எதுக்கு?"

அத்தை, அப்பாவின் தங்கை, அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கென்னடா. உங்கப்பன் பாடறப்பல்லாம் வெளியில நின்னு போன் பேசினவன்தானே நீ."

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"உள்ளதைச் சொல்லிடறேன். பழைய பூசைதான் வேணும்னு ஒரு கூட்டம் மாசக்கணக்கா என் உசுரை வாங்குது. இன்னிக்கு இதை விட்டேன்னா நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க."

"அப்போ தடை பண்ணது ஆயர் இல்ல. நீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுப்பறையை மூடினார்.

அந்தக் கூட்டம் அப்பாவிடமும் கையெழுத்துக் கேட்டு வந்திருந்தது. "பூசை இருக்கறவனுக்குப் புரியணும். பாட்டு, போறவனுக்குப் புரிஞ்சாப் போதும்" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அப்பா. அவர்களுக்குப் பயந்து பங்குத்தந்தை அப்பாவின் வாயை அடைக்கிறார். அதுவும் அந்த வாய் மூடிப்போன பிறகு. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

நான்கு மணிப் பூசையில் பங்குத்தந்தை அப்பாவின் குரலைப் புகழ்ந்தார். கல்லும் உருகும் குரல் என்றார். அத்தை மூக்கைச் சிந்தினாள். மகளுக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் தலைமாட்டில் நின்றாள்.

பூசை முடிந்தது. பட்டறை ஆட்கள் ஆறு பேர் குனிந்து கைப்பிடிகளைப் பிடித்தார்கள். இந்தக் கோயிலில் பெட்டியைத் தூக்கச் சொல்லி யாரும் சைகை காட்டுவதில்லை. லத்தீன் பாட்டின் முதல் அடி முடிந்து பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் தூக்குவார்கள், அப்படியே பழகிவிட்டது. கீபோர்டு வேறொரு பாட்டைத் தொடங்கியது, எல்லோருக்கும் புரிகிற பாஷையில். நல்ல பாட்டுதான்.

பெட்டி எழவில்லை.

பங்குத்தந்தை கையை உயர்த்திக் காட்டினார். முன்னால் நின்ற வெல்டர் நிமிராமலே தலையை மட்டும் திருப்பி மகளைப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள்.

"தலையாட்டு, தூக்கட்டும்" என்றான் அண்ணன், உதடு அசையாமல்.

அவள் ஆட்டவில்லை.

மூன்று சரணமும் முடிந்து கீபோர்டுக்காரர் கையை எடுத்தார். பாடகர் குழுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆறு முதுகுகளும் அந்த முதல் அடிக்காக வளைந்தபடியே காத்திருந்தன. சட்டைகளில் வியர்வை பரவிக்கொண்டிருந்தது.