விபத்து நடந்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு அமிர்தநாயகத்தின் வலது கை ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குள் போனது. தலைமன்னாரில் றொசானா நடத்திய சிறிய ஐஸ் தொழிற்சாலையில் அவர் பதினொரு வருடமாக வேலை செய்தவர். இயந்திரத்தின் வாயில் சிக்கிய ஐஸ் கட்டியைத் தள்ளிவிடப் போனார். இரண்டு விரல்கள் போய்விட்டன, மூன்றாவது தோலில் தொங்கியது.

றொசானாதான் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தினாள். துவாயால் கையைச் சுற்றி, ஐஸ் ஏற்ற வந்திருந்த லொறியிலேயே அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பிறகு திரும்பி வந்து இயந்திரத்தைப் பார்த்தாள். வாயை மூடியிருக்க வேண்டிய இரும்பு மூடி சுவரோரம் சாத்தியிருந்தது. அதைக் கழற்றச் சொன்னவள் அவள்தான். போன மாதம் படகுகளுக்கு மீன் அள்ளுகொள்ளையாகப் பட்டது, ஐஸுக்கு அவசரம். மூடி இருந்தால் வேலை சுணங்கும் என்று சொல்லியிருந்தாள்.

அன்று பகல் முழுவதும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கந்தோர்க் கதிரையில் இருந்தாள், எழுந்தாள், கடற்கரைப் பக்கம் நடந்தாள், பாதியில் திரும்பினாள். சோளகக் காற்று மணலை வாரிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸுக்கு வந்த படகுச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

பின்னேரம் காப்புறுதி முகவர் நிப்ராஸுக்கு அழைத்தாள். முசலிப் பக்கத்துப் பெடியன். மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை வந்து, தொழிலாளர் எட்டுப் பேருக்கும் விபத்துக் காப்புறுதி எடுக்கச் சொல்லி விளக்கியவன். சம்பளப் பட்டியலைப் பார்த்து அவன் சொன்ன கட்டணம் அவளுக்குக் கூடவாகப் பட்டது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டிருந்தாள்.

"நிப்ராஸ், அந்தக் காப்புறுதியை இப்ப எடுக்கலாமோ?"

"ஓம் அக்கா, நாளைக்கே வாறன்."

"நாளைக்கு இல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேற்றைய திகதியில போட ஏலுமோ?"

நிப்ராஸின் குரல் மாறியது.

"ஆருக்கு அக்கா, என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"அது ஏலாது அக்கா. என்ரை வேலையும் போகும், உங்களுக்கும் வழக்கு வரும். காப்புறுதி இருந்திருந்தா கொம்பனி குடுக்கும். இல்லாட்டி நீங்கள் குடுக்க வேணும். குடுக்கிறது மட்டும் நிச்சயம், சட்டம் அப்பிடித்தான். எந்த விரல், எத்தனை விரல், என்ன சம்பளம் எண்டு பார்த்துக் கணக்குப் போடுவினம். முதல்ல தொழில் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ."

தான் கேட்ட கேள்வி அவளுக்கே காதில் சுட்டது. போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினாள். கழுவியும் சூடு போகவில்லை.

அடுத்தநாள் விடியவே மன்னாருக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டாள். ஆஸ்பத்திரியின் ஆண்கள் விடுதியில் அமிர்தநாயகம் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி பெற்றிசியா. றொசானாவைக் கண்டதும் அவர் எழும்பப் பார்த்தார்.

"படுங்கோ அண்ணை, படுங்கோ."

"தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றார் மெதுவாக. "பொலிஸ் வந்து கேட்டவை. மோட்டார் சைக்கிள்ள இருந்து விழுந்தனான், கை சங்கிலிக்குள்ள போயிட்டுது எண்டு சொல்லிப்போட்டன். பக்டரி எண்டு ஒரு சொல்லும் வரேல்ல."

றொசானாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பக்டரியைப் பூட்டிப்போட்டினம் எண்டால் எட்டுக் குடும்பமும் எங்கை போறது? எனக்கும் இந்தக் கையோட ஆர் வேற வேலை தருவினம்? நீங்கள் என்னை வைச்சிருப்பியள்தானே?"

றொசானா வாசல் பக்கம் திரும்பினாள். பெற்றிசியா எழுந்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியே நடந்தாள். விறாந்தை முடிவில் நின்றாள்.

"தங்கச்சி, இவர் மிதிக்கிற சைக்கிளைத் தவிர வேற ஒண்டும் ஓடத் தெரியாத மனுசன். ஊர் முழுக்கத் தெரியும்." அவள் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தாள். "பொய்யெண்டு பிடிபட்டா இவரைத்தான் கேப்பினம். பிடிபடாட்டி இவருக்கு ஒரு சதமும் இல்லை. ரெண்டு வழியிலயும் இவர்தான் அழிஞ்சுபோறார். நீங்கள் மட்டும் மிஞ்சுவியள்."

றொசானா ஸ்கூட்டரை எடுத்தாள். தலைமன்னார்ப் பக்கம் திருப்பினாள். தோட்டவெளி தாண்டும்வரை ஓடினாள். வாய் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு கையெழுத்தும் வைக்க வேண்டியதில்லை, ஒரு பொய்யும் அவள் சொல்ல வேண்டியதில்லை. தெருவை மறித்து நின்ற கழுதைகளுக்காக நிறுத்தினாள். அவை போன பிறகும் அப்படியே நின்றாள். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு மன்னாருக்கே போனாள்.

தொழில் திணைக்கள அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, சம்பளம் எல்லாவற்றையும் வேகமாக எழுதினாள். 'விபத்து நடந்த இடம்' என்ற வரியில் பேனை நின்றது. பிறகு தொழிற்சாலையின் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'பாதுகாப்பு மூடி என் சொல்லின்படி கழற்றப்பட்டிருந்தது' என்று எழுதினாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதை இரண்டுமுறை வாசித்தாள்.

"இப்பிடி எழுதத்தான் வேணுமோ மிஸ்?"

"நடந்தது அதுதான்."

அங்கிருந்து விடுதிக்குப் போய்ச் சொன்னபோது அமிர்தநாயகம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னைப் பொய்யனாக்கிப் போட்டியள்," என்றார். அடுத்தநாள் பொலிஸ் வந்தபோது, பயத்தில் அப்படிச் சொன்னதாக அவரே திருத்திச் சொன்னார். அவர்கள் திட்டினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.

திணைக்களப் பரிசோதகர் வந்து இயந்திரத்தை ஒன்பது நாள் நிறுத்திவைத்தார். சம்மாட்டிமார் வேறிடத்தில் ஐஸ் எடுத்தார்கள், சிலர் திரும்பி வரவேயில்லை. விசாரணை ஐந்து மாதம் இழுத்தது. நட்டஈட்டைத் தவணையில் கட்ட அனுமதி கிடைத்தது. முதல் தவணைக்காக றொசானா தொழிற்சாலையின் சின்ன லொறியை விற்றாள். மற்ற ஏழு பேருக்கும் நிப்ராஸ் காப்புறுதி எழுதினான். விபத்து நடந்த இடம் என்பதால் இப்போது கட்டணம் முன்பு சொன்னதைவிடக் கூட. அவள் பேரம் பேசவில்லை.

முதல் தவணை கொடுத்த அன்று தொழில் அலுவலகத்தில் அமிர்தநாயகம் இடது கையால் கோணலாகக் கையெழுத்து வைத்தார். பெற்றிசியாவும் சேர்ந்து மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"அண்ணை, ஐஸ் அச்சில தண்ணி நிரப்புற வேலை இருக்கு. பாரமில்லை. எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ."

"நான் வரேல்ல தங்கச்சி. அந்தச் சத்தம் கேட்டால் கை கூசுது. இவளோட சேர்ந்து கருவாடு போடப்போறன்." அவர் பெற்றிசியாவைக் காட்டினார். "உங்களில கோபமில்லை எண்டு சொன்னால் அது பொய். ஆனால் நீங்கள் படிவத்தில எழுதினதை விசாரணையில எனக்கு வாசிச்சுக் காட்டினவை."

பெற்றிசியா அவருடைய சேட்டுப் பைக்குள் காசோலையை வைத்து ஊசி குத்தினாள். பஸ் வந்தது. றொசானா அவர்கள் ஏறும்வரை நின்றாள். அவர் இனி வரமாட்டார், அந்தக் கையைத் தினமும் காண வேண்டி வராது என்பதில் தனக்குள் ஒரு ஆறுதல் எழுவதை உணர்ந்தாள். அந்த ஆறுதல் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அது போகவில்லை.