எதுவும் வேண்டாத எலி

ஒவ்வொரு கூண்டிலும் மூன்று பாட்டில்கள்: சாராயம் கலந்த நீர், சர்க்கரை நீர், வெறும் நீர். எலிக்கும் பழக்கதோஷம் உண்டு. பழகிய பக்கத்திலேயே வாயை வைக்கும். அதனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் அவள் பாட்டில்களை இடம் மாற்றிவிடுவாள். மூளையில் சுரந்து 'இன்னும், இன்னும்' என்று எலியை விரட்டும் ஒரு நியூரோபெப்டைடை மருந்தால் அடக்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் வெளியே சொல்லாத காரணம், வீட்டில் குடித்தே கரைந்துகொண்டிருந்த அண்ணன்.

அன்று காலை, மருந்து கொடுத்திருந்த எலிகளிலேயே மொடாக்குடியனான எலியின் சாராய பாட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. முந்தைய நாளும் அப்படித்தான். பக்கம் மாற்றியும் தொடவில்லை. கூண்டருகிலிருந்தே போன் போட்டாள்.

"அண்ணா, விட்டுடுச்சு!"

பேசி முடித்த பிறகுதான் சர்க்கரை பாட்டிலைப் பார்த்தாள். அதுவும் நிறைந்திருந்தது. முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். தீனியும் அப்படியே கிடந்தது. எலி மூலையில் குந்தியிருந்தது.

மாலையில் அண்ணன் குளித்து, சட்டை மாற்றி, வாசலிலேயே நின்றான்.

"வாங்க எலி டாக்டரம்மா. கொண்டு வந்தியா?"

மருந்து அவள் பையில்தான் இருந்தது.

"அது மனுஷங்களுக்கு இல்லண்ணா."

"உங்கண்ணி போகும்போது சொன்னது மறந்துபோச்சா? நான் மனுஷனே இல்லையாம்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"இப்ப என்ன பண்ணுது அது?"

"சும்மா உட்கார்ந்திருக்கு. சர்க்கரை வேணாம், தீனி வேணாம். பக்கத்துல இன்னொரு எலிய விட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"நிம்மதியா இருக்குன்னு சொல்லு."

"நிம்மதி இல்லண்ணா. அதுக்கு ஒண்ணுமே வேணாம், அவ்வளவுதான்."

"எனக்கும் அதான் வேணும். குடு, பாப்பா."

கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் அவள் சமையலறைக்குள் போனாள். மருந்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். கதவு நிலையில் சாய்ந்து நின்று அவன் கடைசிவரை பார்த்தான்.

"நல்லா இரு," என்றான்.

செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு படியிறங்கினான். எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தாள். வேகமாகத்தான் நடந்தான். போய்ச் சேர ஓர் இடம் இருப்பவனின் நடை. அவனுக்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் வந்த ஆறுதலுக்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் கூப்பிடவில்லை.