நீல மின்னல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைப் பற்றி அவன் அக்கா வீட்டில் பேச்சு எழுந்தால் அத்தான் பாதிச் சாப்பாட்டில் கைகழுவப் போய்விடுவார். பதினைந்து வருடமாக இப்படித்தான். காரணம் ஒரு நண்டு.

'நண்டு வரும் நேரம்' என்று ஒரு படம். லாரி உயர நண்டு கடலிலிருந்து ஏறிவந்து ஊரை நாசம் செய்யும். அதன் முதுகு கவிழ்த்துப்போட்ட குளியல் தொட்டி. தண்ணீர் போகிற ஓட்டையைக்கூட அடைக்கவில்லை. தியேட்டரில் நான்கு நாள் ஓடிச் செத்த படம், கேசட்டில் வந்தபிறகு சாகவே மறுத்துவிட்டது. நாயகியைப் புதைத்துவிட்டு மழையில் கதறுகிற நாயகன், அடுத்த காட்சியில் பேருந்து நிறுத்தத்தில் அவளிடமே போய், "உங்க பேர் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்பான். பிறகு இருவரும் தோட்டத்தில் பாடுவார்கள். பாட்டு முடிந்த நொடியில் அவன் முழத்தாடியோடு ஈட்டி தீட்டிக்கொண்டிருப்பான்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், கடையின் மாடியில், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குப் பக்கத்துச் சுவரில் அவன் இந்தப் படத்தைப் போடுவான். முப்பது பேர் வருவார்கள். அவர்களுக்கென்று முறைகள் இருந்தன. பேருந்து நிறுத்த வசனத்தை எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். படத்தில் மூன்று இடங்களில் திரை ஒரு நொடி நீலமாகும். அதற்கு 'நீல மின்னல்' என்று பெயர், அப்போது மேசையைத் தட்ட வேண்டும். 'படத்தொகுப்பு' என்று எழுத்து வந்ததும் எழுந்து நின்று ஊளையிட வேண்டும். அந்த எழுத்துக்குக் கீழே வரும் பெயர் அத்தானுடையது.

கடைக்காரன் இதைக் கேலியாகச் செய்யவில்லை. மரணத்துக்குப் பிறகுதான் காதலின் முதல் நாள் வருகிறது என்று நாற்பது பக்கம் எழுதிவைத்திருந்தான். எழுதும்போது இரண்டு இடத்தில் அழுதும் இருக்கிறான்.

ஒரு புதன்கிழமை காலை அத்தான் கடைக்கு வந்தார். இப்போதெல்லாம் அவருக்குக் கல்யாண வீடியோ வெட்டுகிற வேலைதான். கையில் பழைய நோட்டு.

"ஞாயித்துக்கிழமை ஒரு பத்திரிகைக்காரி வர்றாளாமே?"

"ஆமா அத்தான். படத்தைப் பத்தி எழுதப் போறாங்க."

"எனக்கு போன் பண்ணினா. வெட்டும்போது நிதானத்துல இருந்தீங்களான்னு கேக்குறா."

"நான் என்ன செய்யட்டும்? படம் அப்படி இருக்கு."

"படம் அப்படி இல்ல. உன்கிட்ட இருக்கிறது அப்படி இருக்கு. நூறு தடவை சொல்லிட்டேன்."

"நீங்க செஞ்சது உங்களுக்கே புரியல அத்தான். பெரிய ஆளுங்களுக்கு அப்படித்தான்."

"வாயை மூடு. உன் நீல மின்னல் எப்பெப்ப வரும், சொல்லு."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "முப்பத்தெட்டாவது நிமிஷம். எழுபத்தஞ்சு. நூத்தி ஒம்பது."

அத்தான் நோட்டைத் திறந்து மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தார். அதில் அந்தக் காலத்து நாடாக் கணக்கு இருந்தது. வீடியோவுக்காகப் படத்தை நான்கு நாடாக்களாகக் கொடுத்திருந்தார்கள். முதல் நாடா முப்பத்தெட்டு நிமிடம். இரண்டாவது முப்பத்துநான்கு. மூன்றாவது முப்பத்தேழு.

"நாடா மாத்துற இடத்துல நீலம் வரும். வரிசையா ஒட்டியிருந்தா ரெண்டாவது நீலம் எழுபத்திரண்டுல வரணும். உனக்கு எழுபத்தஞ்சுல வருது. ஏன்?"

கடைக்காரன் விரல் மடித்துக் கூட்டினான், முப்பத்தெட்டும் முப்பத்தேழும் எழுபத்தைந்து. மூன்றாவது நாடா இரண்டாவதற்கு முன்னால் ஓடியிருக்கிறது. புதைத்த பிறகு பேர் கேட்டதன் ரகசியம் அவ்வளவுதான்.

"கேசட் கம்பெனில எவனோ மாத்தி ஒட்டிட்டான்," என்றார் அத்தான். "அவன் மட்டும் கையில கிடைச்சான்னா, அந்தக் கையோட வீட்டுக்குப் போக மாட்டான்."

கம்பெனியில் யாரும் ஒட்டவில்லை. பத்தொன்பது வயதில் கடைக்காரன் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தான். நான்கு நாடாவும் அங்கேதான் வந்தன. அவற்றை ஒரே கேசட்டில் ஏற்றியது அவன். ஊரிலிருந்த மற்ற கடைகள் எல்லாம் அதைத்தான் நகலெடுத்தன. மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெட்டிய படம் என்று பெருமையாக, அவசரமாக ஏற்றிவிட்டு ஓடினான்.

"யாருன்னு எப்படித் தெரியும் அத்தான்," என்று சொல்லி ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"ஞாயித்துக்கிழமை சரியான வரிசையில போடுற. இல்லன்னா நானோ உன் அக்காவோ இனி இந்தப் படி ஏற மாட்டோம்."

கம்ப்யூட்டரில் மாற்றி ஒட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிறு அக்காவும் அத்தானும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் தொடங்குமுன் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்று, நாடா மாறிய கதையை எல்லோருக்கும் சொன்னார். பெயர் வந்தபோது அவரைப் பார்த்துவிட்டு யாரும் ஊளையிடவில்லை. நாயகன் பேர் கேட்டான், காதலித்தான், அவள் செத்தாள், அழுதான், தாடி வளர்ந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் குறட்டை விட்டார். மேசை ஒருமுறைகூடத் தட்டப்படவில்லை.

விளக்கு போட்டதும் லிஃப்ட் மெக்கானிக் எழுந்து அத்தான் பக்கம் திரும்பினார். "சார், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு நல்லா இருந்த படத்தைச் சரி பண்ணிக் கெடுத்துட்டீங்க."

"பழையதைப் போடுங்கப்பா," என்றது பின்வரிசை.

 அத்தானின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை வருடமாகக் காத்திருந்து, சுமாரான படம் ஒன்றைச் சுமாராக வெட்டியவர் என்று நிரூபித்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரி பேனாவைக் கடித்தபடி சொன்னாள். "அப்போ நாம ரசிச்சது சார் வேலையே இல்ல. மாத்தி ஒட்டினவர்தான் கலைஞர். யாருன்னு தெரிஞ்சா அவரைப் பத்தித்தான் எழுதுவேன்."

புதன்கிழமையிலிருந்து பல்லைக் கடித்து அடக்கியது, 'கலைஞர்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவிழ்ந்துவிட்டது.

"நான்தான்," என்றான் கடைக்காரன்.

சிலர் கைதட்டிவிட்டார்கள். அக்கா திரும்பினாள்.

"எப்போ?"

"உன் கல்யாணத்துக்கு முந்தின நாள்."

"இவரு வேலையில்லாம வீட்டுல கெடந்த வருஷமெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"புதன்கிழமைதான் தெரியும்க்கா."

"புதன்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும்?"



அத்தான் எழுந்து வந்தார். கன்னத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் நின்றான். அவர் அவனைத் தாண்டிப் போய், மேசையிலிருந்து கண்ணாடி வில்லையில் குறி போடுகிற பேனாவை எடுத்தார். படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நண்டுப் போஸ்டரில் 'படத்தொகுப்பு' என்பதன் கீழே இருந்த தன் பெயரை அடித்தார். காகிதம் கிழிந்தது. அதன் பக்கத்தில் மச்சான் பெயரை எழுதினார்.

"அடுத்த மாசம் பழையதையே போடு. பேர் வரும்போது நீ முன்னாடி வந்து நிக்கணும். நான் பின்வரிசையில உக்காந்திருப்பேன். தொண்டை கிழியிற வரைக்கும் ஊளையிடுவேன். அதுக்கு அடுத்த மாசமும் வருவேன்."

படத்தில் வராத ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் முப்பது பேரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் அத்தானுக்கு முன்னால் படி இறங்கினாள். அவளைக் கூப்பிட வேண்டும் என்று கடைக்காரனுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் கண் போஸ்டரில் இருந்தது. தன் பெயரை அத்தான் கொஞ்சம் சின்னதாக எழுதிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது.