மேஸ்திரிக்குப் போட்ட ரொட்டி

அந்தத் தெருவில் ரொட்டிக்காரர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பேக்கரியில் மூட்டை மூட்டையாக மாவு பிசைந்து தோள் அகன்றுபோன மனிதர். நெருப்பில் வேகும் தட்டை ஒரு பழந்துணியைச் சுற்றிப் பிடித்துச் சாதாரணமாக இழுத்துவிடுவார். இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு, சொந்த வீட்டின் கொல்லைக் கதவைத் திறக்க மட்டும் அவர் பயந்தார். காரணம், ஒரு சேவல்.

கொல்லையில் ஐந்து பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது கோழிகளை மேற்பார்வை பார்க்கிற தோரணையைக் கண்டு, அவர் மனைவிதான் மேஸ்திரி என்று பேர் வைத்தாள். குஞ்சாக இருந்தபோது அவருடைய உள்ளங்கையில் படுத்துத் தூங்கிய பயல்தான். காலில் முள் முளைத்ததும் வளர்த்தவரையே குறிவைக்க ஆரம்பித்துவிட்டது. நேராக வராது. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும். ஒன்றும் தெரியாத மாதிரி தரையைக் கொத்தும். அடுத்த நொடி எகிறி இரண்டு காலாலும் முழங்காலில் உதைக்கும். ரொட்டிக்காரர் பதறிப் பின்னால் போவார். கோழிகளுக்காகக் கொண்டுவந்த பழைய ரொட்டித் துண்டுகள் சட்டைப் பையில் கிடக்கும். அவற்றை அள்ளித் தூர வீசுவார். மேஸ்திரி ரொட்டிப் பக்கம் திரும்புகிற சந்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வந்து தாழ் போடுவார். பல மாதமாக இதுதான் ஏற்பாடு. வெட்கக்கேடான ஏற்பாடுதான், ஆனால் காரியம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் அவருக்கு எந்தக் காரியமும் நடக்கவில்லை. மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. இரண்டாவது தடவை கை வீங்கியிருந்தது. இந்தத் தடவை இடது புருவத்துக்கு மேலே தையல் போட்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்ததாம். தட்டு தானாகவா பறக்கும்?

மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன் மாமா. அவளைக் கிளம்பி இருக்கச் சொல்லுங்க."

"சரிங்க மாப்பிள்ளை," என்று ரொட்டிக்காரரின் வாய் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மகள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேக்கரியில் ஒரே மாவுக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். பன் ஒரு தட்டு முழுக்கக் கரியாகி வெளியே வந்தது. "உங்க கவனம் எங்கய்யா இருக்கு?" என்று முதலாளி கேட்டார். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து உடனே எழுந்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். திறந்ததை மூடினார்.

"குட்டி போட்ட பூனையாட்டம் ஏங்க இப்படிச் சுத்துறீங்க?" என்றாள் மனைவி.

"அனுப்பலாமா வேண்டாமா, நீ சொல்லு."

"நான் சொல்லி என்னைக்கு இந்த வீட்ல நடந்துருக்கு? போன்ல சரின்னது நீங்க."

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசிட முடியுமா? அவளோட வாழ்க்கை இல்லையா?"

"அவளோட நெத்தியும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், உட்கார முடியாத அவஸ்தையில், நேரமில்லாத நேரத்தில் கொல்லைக்குப் போனார். மேஸ்திரி காத்திருந்தது போலப் பாய்ந்தது. இவர் பின்னால் போய், வாளியில் இடறி, பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ரொட்டியை வீசினார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் கதவருகே நின்றிருந்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை. அதனால் அடிபட்ட இடுப்பைப் பற்றிக் கோபப்பட அவருக்குத் தோன்றவில்லை.

"எந்திரிங்கப்பா. கிண்ணத்தைக் குடுங்க."

"வேண்டாம்மா, கண்ணைக் கொத்திடும்."

அவள் கேட்கவில்லை. கிண்ணத்தை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேஸ்திரி கழுத்தைச் சிலிர்த்துப் பக்கவாட்டில் வந்தது. அவள் நிற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அது எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கமே மெதுவாக நடந்தாள். சேவல் ஒரு முறை எகிறி அவள் பாவாடை விளிம்பை உதைத்தது. அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் கால் பின்னால் போகவில்லை. இன்னும் ஓர் எட்டு வைத்தாள், இன்னும் ஓர் எட்டு. மேஸ்திரி ஒதுங்கிப் போய், ஏதோ முக்கியமான வேலை ஞாபகம் வந்த மாதிரி மண்ணைக் கிளற ஆரம்பித்தது. சிலிர்த்த மயிர் படிந்துவிட்டது.

"எப்படிம்மா?" என்றார் ரொட்டிக்காரர், வாய் பிளந்து.

"நாலு நாளா ஜன்னல் வழியா பாத்துட்டுதானேப்பா இருக்கேன். அது பாயுது, நீங்க பின்னாடி போறீங்க. பின்னாடி போனா தோத்துட்டீங்கன்னு அதுக்கு அர்த்தம். போதாக்குறைக்கு ரொட்டி வேற போடறீங்க. உதைச்சா ரொட்டி கிடைக்கும்னு தெரிஞ்சா யாருதான் உதைக்காம இருப்பாங்க?"

 முதல் தடவை மகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, மாப்பிள்ளையைச் சமாதானம் செய்ய ஒரு கேக் செய்து எடுத்துப் போயிருந்தார். இரண்டாவது தடவை இரண்டடுக்குக் கேக். மேலே கிரீமில் பூவெல்லாம் வைத்து, தன் கைவண்ணம் முழுவதையும் காட்டியிருந்தார். வீங்கிய கையோடு மகள்தான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேக் நசுங்காமல் பார்த்துக்கொள் என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே போனது இப்போது நினைவுக்கு வந்தது. அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"நாளைக்கே இதை அறுத்துப் போட்டுடறேன்," என்றார்.

"ஐயோ, ஏம்பா? அங்க பாருங்க."

மேஸ்திரி ஒரு ரொட்டித் துண்டைக் கண்டுபிடித்திருந்தது. தின்னவில்லை. அலகால் தூக்கித் தூக்கிக் கீழே போட்டு, கொக்கொக்கென்று கூப்பிட்டது. பெட்டைகள் ஓடி வந்தன. மூத்த கறுப்புக் கோழி அதன் அலகடியிலேயே கொத்தித் தின்றது. சேவல் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு காவலுக்கு நின்றது.

"பருந்து வந்தா முதல்ல கத்துறது அதுதான். கடைசியா ஒளியறதும் அதுதான். கோழிங்களுக்கு உங்களால ஆபத்துன்னு நெனைச்சுதான் உங்களை உதைக்குது, பாவம்." அவள் புருவத்துத் தையலைத் தொட்டுக்கொண்டாள். "இதுங்கள்ல ஒண்ணைக்கூட அது உதைச்சு நான் பாக்கலைப்பா."

சாயங்காலம் மறுபடி கொல்லைக்குப் போய் அவரும் முயன்று பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் வைத்தார். மேஸ்திரி சிலிர்த்ததும் மூன்றாவது எட்டு தானாகப் பின்னால் போய்விட்டது. கை பாக்கெட்டைத் துழாவியது. அந்தக் கையை அவருக்கே வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததிலிருந்து அவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். என்ன பேசுவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். எல்லாப் பேச்சும் "வாங்க மாப்பிள்ளை" என்றே ஆரம்பித்துத் தொலைத்தது. மகள் எப்போதோ பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பைக் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. யாரும் வெளியே வராததால் மாப்பிள்ளையே படியேறி வந்தான்.

"என்ன மாமா, வழியை மறிச்சுட்டு நிக்கறீங்க?"

"அவ வரலை."

"அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன்."  கம்பீரமாகச் சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தார். கடன் கேட்கிற மாதிரிதான் வந்தது.

"பேசிப் பேசி உங்க பொண்ணுக்கு ரொம்பத்தான் இடம் குடுத்துட்டீங்க. கூப்பிடுங்க அவளை!" மாப்பிள்ளை முகத்துக்கு நேரே வந்து கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.  ரொட்டிக்காரர் நிலைக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்திருந்ததால்தான் நின்றார், அதில் வீரம் ஒன்றும் இல்லை.

"உள்ள விட மாட்டேன். நீங்க போங்க."

"போறேன். ஒரே வாரம். நீங்களே கேக் டப்பாவைத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?"

பைக் உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அவர் நிலைக்கட்டையை விடவில்லை. விட்டதும் மூச்சு வாங்கியது. மனைவி பக்கத்தில் வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவருக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. வேகமாகப் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தார்.

மின்விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. வெளியே போகும் உடுப்பு. ஜிப் போட்டுப் பூட்டிய பை மடியில். வீட்டுக்குள்ளேயே செருப்பை மாட்டி வாரை இறுக்கியிருந்தாள்.

"வந்துட்டாராப்பா?" என்று எழுந்தாள். "நீங்க அவரை வாங்கன்னு கூப்பிடறது காதுல விழ வேண்டாம்னுதான் ஃபேனைப் போட்டுக்கிட்டேன். நான் ரெடிப்பா."

 ரொட்டிக்காரர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தரையில் மண்டியிட்டு அவள் செருப்பு வாரைக் கழற்றப் பார்த்தார். கொக்கி மிகச் சின்னது. மாவு பிசைகிற தடித்த விரல்களுக்கு அகப்படாமல் வழுக்கி வழுக்கிப் போனது.

"விடுங்கப்பா, நானே கழட்டிக்கறேன்," என்றாள் அவள். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.