மாமனார் படுத்திருந்த நிரை

சவரிநாதனின் மாமனார் பழைய ரப்பர் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர் அதட்டினால் மழைகூட நிரை பிடித்துத்தான் பெய்யும். செத்த பிறகும் மருமகனை வேலை வாங்கினார்.

பால்மரங்களை அழித்த புல்டோசர் அவருடையது உட்படக் கல்லறைகளையும் சேர்த்து மட்டமாக்கிவிட்டது. அந்த நிலத்தில்தான் சவரிநாதன் குத்தகைக்குச் சோளம் போட்டிருந்தார். காலையில் கழற்றிப் போட்ட செருப்பு மத்தியானம் இடுப்பு உயரத்தில் தொங்கும். லாலாங் புல் அப்படி வளர்ந்தது. விதைக்கும்போது மேலாகக் கீறினால் போதும். லாலாங் வேரை அறுக்க, குட்டி டிராக்டரை நிரைகளுக்கு நடுவே விட்டு, கொழுவை ஆழமாக இறக்க வேண்டும்.

"எங்கப்பா மேல கொழு பட்டுச்சுன்னா, குனோங் ராபாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள் மனைவி பெட்ரீசியா. "திரும்பி வர மாட்டேன்."

"அவரு எங்க இருக்காருன்னு நீயே காட்டுலா."

காட்டினாள். பால் வெட்டிய காலத்தில் தினமும் அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போவாள். சிமெண்டுப் பாலத்திலிருந்து எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்பது அவள் காலுக்கே தெரியும். எண்ணி நடந்து, நின்ற இடத்தில் குச்சி நட்டாள்.

சவரிநாதன் அந்த இடம் வந்ததும் கொழுவைத் தூக்கினார். மாமனாருக்கு மரியாதையாகத் தொப்பியையும் கழற்றினார். தாண்டியதும் இறக்கினார். ஆனால் குச்சிக்கு முன்னால், உழுதுவந்த பாலத்துப் பக்கத்தில், கொழு உரசிய இடம் பளபளக்க ஏதோ கிடந்தது.

இரும்புச் சிலுவை. மண்ணைத் துடைத்ததும் மண்டோரின் பெயர் தெரிந்தது.

"புல்டோசர் இழுத்துட்டு வந்திருக்கும்லா," என்றார் சவரிநாதன். "ஆளு குச்சிக்குக் கீழதான் இருக்காரு."

பெட்ரீசியா பாலத்தடியில் இறங்கினாள். கான் வாய்க்காலில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் மொண்டு, கம்பில் மாட்டித் தோளில் வைத்தாள். பாலத்திலிருந்து மறுபடி நடந்தாள். பாரத்தில் எட்டு குறுகியது. எண்ணிக்கை முடிந்த இடத்தில் நின்றாள். காலடியில் கொழு கிழித்த பள்ளம்.

"அப்பல்லாம் பால்வாளியோடதான நடந்தேன்," என்றாள். "இன்னிக்கு வெறுங்கையோட எண்ணிட்டேன்."

"உன் தப்பு இல்ல, பெட்ரீசியா."

"தப்பு யாருதா இருந்தா என்ன? கொழு பட்டுருச்சு."

வாளிகளை இறக்கினாள். சிலுவையை எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தாள். அவர் கூப்பிட்டது டிராக்டர் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

அந்த வருசம் சோளம் அப்படி விளைந்தது. ஒரு கதிரை அவித்தால் நாலு பேர் சாப்பிடலாம். வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.