நல்லாகுற வரைக்கும்

அந்த மருத்துவ நிலையத்தின் வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்று மலைக்குடிகளின் சொந்த நலச்சங்கத்துடையது, மற்றது அரசு சுகாதாரத் துறையுடையது. கட்டடமும் நர்ஸும் சங்கத்துக்குச் சொந்தம், மருந்தும் டாக்டரும் துறைக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் மட்டும் அது இரண்டு பேருக்குமே சொந்தமில்லாமல் போய்விடும்.

இந்த இரு தரப்புக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தவள் கிளி. டாக்டர் பேசுவதை மலைப்பேச்சிலும், மலைக்காரர்கள் பேசுவதை டாக்டரின் மொழியிலும் எடுத்துச் சொல்வது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்று கேலி பேசியே ஊர் அந்தப் பெயரை மறக்கடித்துவிட்டது. சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் இவளுக்கு இந்தக் கதி வந்திருக்காது.

அன்று காலை டாக்டரின் எதிரே உட்கார்ந்திருந்தது அவளுடைய அத்தை. அப்பாவின் அக்கா, தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இருமி இருமிக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டிபி திரும்ப வந்திருக்கு. மாத்திரையைப் பாதியில நிறுத்தியிருக்காங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே கிளிக்கு இல்லை. போன மழைக்காலத்தில் இதே அறையில் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "ஆறு மாசம். நடுவுல இருமல் நின்னாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது." ஆனால் மலையில் நோய்க்கு நாள் குறிக்கமாட்டார்கள். குறித்தால் அது அத்தனை நாளும் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும் என்பார்கள். அதுவும் பெரியவர்களின் முகத்துக்கு நேரே சொல்வது சாபம் கொடுப்பதற்குச் சமம். வளர்த்த அத்தையைப் பார்த்து, இன்னும் ஆறு மாதத்துக்கு நீங்கள் நோயாளி என்று எந்த வாயால் சொல்வாள்?

"நல்லாகுற வரைக்கும் சாப்பிடுங்க அத்தை," என்று சொல்லிவைத்தாள். அப்போது அது அவளுக்குப் பொய்யாகவே தோன்றவில்லை, மரியாதை என்றுதான் நினைத்தாள். அத்தையும் சொல்பேச்சு கேட்பவள். இருமல் நின்ற அன்றே மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கிறார், அத்தை," என்றாள் கிளி.

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

"மறந்துட்டேன்னு சொல்லிடு. வயசாயிடுச்சு, மறதி ஜாஸ்தின்னு சொல்லு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகிடக்கூடாது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கிளிக்கும் குறுகுறுத்தது, ஆனாலும் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மறந்துட்டாங்களாம் டாக்டர்," என்றாள். வெட்கம்கெட்ட நாக்கு, அன்றைக்குப் பார்த்துச் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டது.

டாக்டர் கோபக்காரராக இருந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மழையில் மருந்துப் பெட்டியைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு மலை ஏறுகிற மனுஷர் அவர். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுலயே வச்சு மருந்து குடுக்கலாம்னு சங்கம் கேட்டுச்சு. நானும் துறையில சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். மறதின்னா இனிமே வீட்டுல விட முடியாதும்மா. கீழ நகரத்து ஆஸ்பத்திரி வார்டுல சேர்த்துடுவோம். அங்க நர்ஸ் கண்ணு முன்னாடி முழுங்கட்டும்."

"என்ன சொல்றார்?" என்று அத்தை கையைச் சுரண்டினாள்.

கிளிக்கு அந்த வார்டு தெரியும். வரிசையாக இரும்புக் கட்டில்கள், மலைப்பேச்சு தெரிந்த ஒரு ஆள் கிடையாது. ஒரு வாய் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அத்தைக்கு அங்கே நாதியில்லை. இவளைக் காப்பாற்றப் பொய் சொன்னவள் அங்கே மாதக்கணக்கில் ஊமையாய்க் கிடக்க வேண்டும்.

"அவங்க மறக்கல டாக்டர்," என்றாள். "நான்தான் ஆறு மாசம்னு சொல்லல. நல்லாகுற வரைக்கும்னு சொன்னேன். அவங்க மேல தப்பே இல்ல, எல்லாம் என் தப்பு."

மொழி புரியாவிட்டாலும் முகம் புரியாதா? அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி உளர்றே? வாயை மூடு."

டாக்டர் விளக்குப் பெட்டியை அணைத்தார். வேலை போயிற்று என்றுதான் கிளி நினைத்தாள், போகட்டும் என்றும் நினைத்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அத்தைகிட்ட மட்டும்தான் இப்படிச் சொன்னீங்களா?"

இத்தனை நேரமும் கிளி அத்தை ஒருத்திக்காகத்தான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதே மாத்திரை வாங்கிப்போன ஓடைக்கரைத் தச்சர் மாமா நினைவுக்கு வந்தார். மேட்டு வீட்டுச் சித்தி வந்தாள், பள்ளிக்கூடத்து வாத்தியாரின் அப்பா வந்தார். அவளுக்கு உறவுமுறை இல்லாத வீடு அந்த மலையில் ஏது? மரியாதை குறைவாக அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பெரியவங்க எல்லார்கிட்டயும்," என்றாள்.

டாக்டர் எழுந்து மருந்துப் பெட்டியை எடுத்தார். "அத்தையை நர்ஸ்கிட்ட ஒப்படைச்சுட்டு வாங்க. வார்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்பவே ஒவ்வொரு வீடாப் போவோம்."

ஓடைக்கரை வீடுதான் முதலில் வந்தது. தச்சர் மாமா வாசலில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வா கிளி! டாக்டரையே கையோட கூட்டிட்டு வந்துட்டியா?"

"மாமா, அந்த மாத்திரை..."

"அதை எப்பவோ நிறுத்தியாச்சு! நீ சொன்ன மாதிரியே நல்லாயிட்டேன், பாரு." நெஞ்சில் தட்டிக் காட்டினார். "மிச்சத்தைக்கூட வீணாக்கலம்மா. பேத்திக்கு இருமல் வந்துச்சு. அவளுக்குத் தினம் பாதி பாதியா உடைச்சுக் குடுத்துட்டு வர்றேன். அவளுக்கும் நல்லாகுற வரைக்கும்தான்."

வீட்டுக்குள்ளே சின்னக் குரல் ஒன்று இருமியது. நின்றது. மறுபடியும் இருமியது.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

கிளி ஒரு சொல் விடாமல் சொன்னாள்.